சர்க்குலருக்குச் சாவே கிடையாதா?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா போன வருஷம் தவறிவிட்டார். அம்மா, இரண்டு பிள்ளைகள், அப்பாவைப் பெற்ற பாட்டி, வாரிசு என்று இருப்பது இவ்வளவு பேர்தான். இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்குப் பதிந்து, இறப்புச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. அதற்கப்புறம் புதுச்சேரிப் பக்கம் பாகூரில் இருக்கும் சித்தப்பாவிடமிருந்து நோட்டரி கையெழுத்தோடு ‘ஆட்சேபணை இல்லை’ என்று ஒரு கடிதம் வேண்டும் என்கிறார்களாம். எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டால், “சர்க்குலர் இருக்கு தம்பி” என்று பதில். அந்தச் சர்க்குலரை யாரும் காட்டவில்லை. அவருடைய கேள்வி இரண்டு. சர்க்குலர் என்பது சட்டமா? மலையாகக் குவிந்து கிடக்கும் இந்த வழிகாட்டுதல்களை அரசு ஏன் ஒழுங்குபடுத்திக் குறைப்பதில்லை?

நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை தாசில்தாராக ஓய்வு பெற்றவன். சர்க்குலரைக் காட்டி மக்களைத் திருப்பி அனுப்பியவர்களில் நானும் ஒருவன். அதனால் கவுண்டருக்கு உள்பக்கம் என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு நேராகப் பதில்: சர்க்குலர் சட்டம் ஆகாது. சட்டமன்றமோ நாடாளுமன்றமோ இயற்றுவது சட்டம். அந்தச் சட்டம் கொடுத்த அதிகாரத்தில் அரசு வகுப்பது விதிகள். அதற்குக் கீழே அரசாணை. அதற்கும் கீழே அரசுக் கடிதம், ஆணையர் அலுவலகச் சுற்றறிக்கை, தெளிவுரை, கலெக்டரின் செயல்முறைகள் என்று படிப்படியாக இறங்கும். கீழே இருப்பது மேலே இருப்பதை மீற முடியாது. சந்த் ராம் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1967இல் சொன்னது இதைத்தான்: விதிகள் பேசாத இடத்தை நிர்வாக அறிவுரையால் நிரப்பலாம், ஆனால் விதியையே அதனால் மாற்றக்கூடாது. இது எல்லா அலுவலகப் பயிற்சியிலும் சொல்லிக்கொடுக்கப்படுவதுதான். நடைமுறையில் இந்தப் படிக்கட்டு அப்படியே தலைகீழ். சட்டப் புத்தகம் பீரோவில் இருக்கும். சர்க்குலர் மேசை மேல் இருக்கும். போன வாரம் வந்த சர்க்குலருக்குத்தான் அதிகப் பயம்.

உங்கள் விஷயத்தையே எடுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இன்படி, ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகள், தாய் முதல் வகுப்பு வாரிசுகள். உடன்பிறந்த தம்பி இரண்டாம் வகுப்பு. முதல் வகுப்பில் ஒருவர் இருந்தாலும் இரண்டாம் வகுப்புக்குப் பங்கு கிடையாது. பங்கே இல்லாத சித்தப்பா எதற்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும்? சட்டப்படி தேவையில்லாத காகிதம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழுக்கென்று தனிச் சட்டமே கிடையாது. அரசாணையும் சுற்றறிக்கையும்தான் அதைத் தாங்கி நிற்கின்றன. ஆக, “சர்க்குலரையெல்லாம் கொளுத்துங்கள்” என்று கிளம்பினால் உங்களுக்கு வாரிசுச் சான்றிதழே கிடைக்காது, எல்லோரும் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். வழிகாட்டுதல் இல்லாத அலுவலகம் இன்னும் மோசம். அங்கே ஒவ்வொரு மேசையும் ஒரு சட்டம் வைத்திருக்கும்.

சரி, எப்படிக் குவிந்தது? இதற்கு ஒரு கதை சொன்னால்தான் புரியும்.

எங்கள் அலுவலக முறை டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி சென்னை மாகாணத்துக்காக வகுத்தது. மாவட்ட அலுவலக நடைமுறை நூலும் அந்த வழியில் வந்ததுதான். அந்த முறையில் ஒவ்வொரு பிரிவு எழுத்தரும் ‘இருப்புக் கோப்பு’ என்று ஒன்று வைத்திருக்க வேண்டும். தன் பொருள் சம்பந்தமாக மேலிருந்து வரும் பொதுவான ஆணை, அறிவுரை எல்லாவற்றின் நகலையும் தேதி வரிசையில் அதில் சேர்க்க வேண்டும். புதிதாக வருபவர் அதைப் படித்துவிட்டு வேலை பார்க்கலாம். நல்ல ஏற்பாடு. என் இருப்புக் கோப்பு ஒரு சாண் உயரம் இருந்தது. எனக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர்கள் சேர்த்ததுதான் முக்கால்வாசி. அட்டை பிய்ந்து, டேக் போட்ட ஓட்டை கிழிந்து, நடுவில் பூச்சி துளைத்த தாள்கள்.

நான் இருந்த அலுவலகத்தில் ஒரு சான்றிதழுக்கு, அக்கம்பக்கத்தார் இருவரின் வாக்குமூலத்தை முத்திரைத்தாளில் வாங்கிக்கொண்டிருந்தோம். எல்லோரிடமும் வாங்கினோம். எனக்கு முன் இருந்தவரும் வாங்கினார். ஒருநாள் புதிதாகச் சேர்ந்த பெண் உதவியாளர், “இது ஏன் சார்?” என்று கேட்டது. “சர்க்குலர் இருக்கும்மா” என்றேன். “எந்த சர்க்குலர் சார்?” என்று திரும்பக் கேட்டது. கோபம்தான் வந்தது. ஆனாலும் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் இருப்புக் கோப்பைப் பிரித்தேன். சைக்ளோஸ்டைல் தாள், மை மங்கிப்போயிருந்தது. வாக்குமூலம் பெறப்பட வேண்டும் என்ற வரி இருந்தது, பக்கமும் அதோடு முடிந்தது. மூட இருந்தபோது அந்தப் பெண்தான் தாளின் அடி விளிம்பு உள்பக்கமாக மடிந்து ஒட்டியிருப்பதைப் பார்த்துப் பிரித்தது. மடிப்புக்குள் இன்னும் ஒரு வரி: ‘இறப்பு பதிவு செய்யப்படாத நேர்வுகளில் மட்டும்.’

எத்தனை வருஷம், எத்தனை பேர், எத்தனை முத்திரைத்தாள். கணக்குப் போட எனக்குத் துணிச்சல் வரவில்லை. அதைவிட வெட்கம் என்னவென்றால், அந்த வரியைக் கண்டுபிடித்த பிறகும் நாங்கள் உடனே நிறுத்தவில்லை. “இத்தனை நாள் வாங்கிட்டு திடீர்னு நிறுத்தினா ஆடிட்ல கேப்பாங்க” என்றார் மேலாளர். மேலே கடிதம் எழுதி, தெளிவுரை வந்த பிறகுதான் நிறுத்தினோம். அந்தத் தெளிவுரையும் இருப்புக் கோப்பில் ஒரு தாளாகப் போய்ச் சேர்ந்தது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கான பாதிப் பதில் அந்த மேலாளர் சொன்ன வாக்கியத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு, வேண்டாத காகிதம் கேட்பவர் லஞ்சத்துக்காகக் கேட்கிறார் என்று தோன்றும். அப்படியும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலும் பயம். ஒரு காகிதம் கூடுதலாகக் கேட்டதற்காக எந்த எழுத்தருக்கும் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்து நான் பார்த்ததில்லை. ஒரு காகிதம் விட்டுப்போனதற்காக 17(ஆ) என்ற, பெரிய தண்டனைக்கான ஒழுங்கு விதியில் குற்றச்சாட்டு வாங்கி, பதவி உயர்வு தள்ளிப்போய், ஓய்வு பெறும் நாள்வரை அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தணிக்கைக்காரர் கோப்பில் இல்லாததைத்தான் தேடுவார், அதிகமாக இருப்பதை அவர் கேட்பதில்லை. இந்த நிலைமையில் எழுத்தர் என்ன செய்வார்? சித்தப்பா கடிதமும் இருக்கட்டும், பாதுகாப்பு என்பார்.

மேலே சர்க்குலர் பிறப்பதும் இதே பயத்தில்தான். எங்கோ ஓர் ஊரில் ஒருவர் போலி ஆவணம் கொடுத்து ஏமாற்றுவார். பத்திரிகையில் வரும், அல்லது நீதிமன்றம் கண்டிக்கும். மறுவாரம் மாநிலம் முழுக்க ஒரு சுற்றறிக்கை: ‘இனிவரும் காலங்களில் இன்ன ஆவணத்தையும் தவறாது பெற வேண்டும், தவறும் பட்சத்தில் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.’ ஏமாற்றியவன் ஒருவன். காகிதம் கொடுப்பது எல்லோரும். பத்து வருஷம் கழித்து அந்த ஆவணமே கணினியில் வந்துவிடும், பழைய ஏமாற்றுக்கு வழியே இருக்காது. சுற்றறிக்கை மட்டும் அப்படியே இருக்கும். அதை ரத்து செய்ய யாருக்கும் அவசரம் இல்லை. ரத்து செய்தபின் ஏதாவது நடந்துவிட்டால் ரத்து செய்தவர் தலை உருளும் என்பதுதான் காரணம்.

இதில் எங்கள் மாவட்டத்துக்கே உரிய ஒரு விநோதம் உண்டு. 1993 செப்டம்பர் 30இல் தென்னார்க்காடு மாவட்டம் கடலூர், விழுப்புரம் என்று இரண்டானது. அந்த மாவட்டமே இன்று இல்லை. ஆனால் ‘தென்னார்க்காடு மாவட்ட ஆட்சியர், கடலூர்’ என்று தலைப்பிட்ட அறிவுரைகளை மேற்கோளாகக் காட்டி நான் குறிப்பு எழுதியிருக்கிறேன். சென்னையில் வருவாய் வாரியத்தையே 1980இல் கலைத்துவிட்டார்கள். அது போட்ட நிலை ஆணைகள், அதாவது நிலையாகப் பின்பற்ற வேண்டிய பொது ஆணைகள், இன்னும் ஓடுகின்றன. பட்டா மாறுதல் என்றால் 31ஆம் நிலை ஆணை என்று எழுதாத கை வருவாய்த் துறையில் இருக்காது. 1983ஆம் ஆண்டுப் பட்டா பாஸ்புக் சட்டம் வந்த பிறகும் இரண்டும் கைகோத்துத்தான் போகின்றன. நிலை ஆணைகளைக் குறை சொல்ல மாட்டேன், சொல்லப்போனால் அவைதான் ஒழுங்காகத் தொகுத்தவை. பொருள் வாரியாக எண் போட்டு, திருத்தத்தை அதே எண்ணுக்குள் சேர்த்தார்கள். அந்தப் பழக்கம் அப்புறம் எங்கோ விட்டுப்போயிற்று.

மாவட்ட எல்லையைத் தாண்டினால் புதுச்சேரி. யூனியன் பிரதேசம் என்பதால் டெல்லியின் அலுவலகக் குறிப்பாணைகளும் அங்கே வந்து விழும். பிரெஞ்சுக் காலத்து ஆவணங்களும் இன்னும் சில வீடுகளின் இரும்புப் பெட்டியில் இருக்கும். சித்தப்பா அங்கே, அண்ணன் மகன் இங்கே என்று இருக்கும் குடும்பங்கள் நம் பக்கம் ஏராளம். அரை மணி பஸ் பயணத்தில் இரண்டு அரசுகளின் இருப்புக் கோப்புகள். ஒரு பக்கத்துக் காகிதத்தை மறுபக்கம் பார்த்ததும் உதட்டைப் பிதுக்குவது தனி அவஸ்தை, அதற்குள் இப்போது போகவில்லை.

ஒழுங்குபடுத்த முடியுமா என்றால், முடியும். செய்தும் காட்டியிருக்கிறார்கள். ரிசர்வ் வங்கி 2025 நவம்பரில், பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த 9,000க்கும் மேற்பட்ட சுற்றறிக்கைகளை ரத்து செய்து, அவற்றில் உயிரோடு இருந்த விஷயங்களை 244 முதன்மை வழிகாட்டுதல்களுக்குள் கொண்டுவந்தது. எந்த வகை நிறுவனத்துக்கு எது பொருந்தும் என்றும் தனித்தனியாகப் பிரித்தது. 244 என்பதே நிறைய என்று தோன்றலாம். எனக்கு அதில் பிடித்தது எண்ணிக்கையைவிட ‘ரத்து’ என்ற சொல்தான். நம் அலுவலகங்களில் தொகுப்பு ஆணை வராமல் இல்லை, வரும். ‘இப்பொருள் குறித்து ஏற்கெனவே வெளியிடப்பட்ட அறிவுரைகளைத் தொகுத்து’ என்று தொடங்கும். பழையவை ரத்து என்ற வரி மட்டும் இருக்காது. அதற்குப் பதில் ‘ஏற்கெனவே உள்ள அறிவுரைகளுடன் இதனையும் பின்பற்றுமாறு’ என்று முடியும். பன்னிரண்டைத் தொகுத்தால் ஒன்றாகாது, பதின்மூன்றாகும்.

அமெரிக்காவில் இன்னொரு வழியை முயன்றார்கள். 2019 அக்டோபரில் அதிபர் ஆணை ஒன்று வந்தது. ஒவ்வொரு துறையும் தன் வழிகாட்டுதல்களையெல்லாம் ஒரே இணையதளத்தில், தேடக்கூடிய விதத்தில் வைக்க வேண்டும், அங்கே இல்லாதது செல்லாது. வழிகாட்டுதல் யாரையும் சட்டம்போலக் கட்டுப்படுத்தாது என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2021 ஜனவரியில் அடுத்த அதிபர் வந்த அன்றே அதை ரத்து செய்தார், அவசரப் பிரச்சினைகளில் துறைகளின் கையைக் கட்டிப்போடுகிறது என்று. இரு தரப்பிலும் அரசியல் உண்டு. கொள்ளைநோய், புயல் என்று வந்தால் துறைக்கு வேகம் வேண்டும் என்பதும் நியாயம்தான். தானே புயல் 2011 டிசம்பர் 30இல் நம் கரையில் ஏறியபோது நிவாரணத்துக்கான அறிவுரைகள் காலையில் ஒன்று, மாலையில் ஒன்றாக வந்தன. அப்போது யாராவது இணையதளத்தில் ஏற்றிய பிறகுதான் செல்லும் என்றிருந்தால் முந்திரிக்காட்டுக்காரர்கள் எங்களை அடித்தே இருப்பார்கள். ஆனாலும் ‘பட்டியலில் இல்லாததைக் கேட்காதே’ என்ற கருத்து எனக்குச் சரியாகப் படுகிறது. அவசரத்துக்கு விதிவிலக்கு வைத்து, அதற்கு ஆறு மாதம் ஆயுள் என்று முடிவுகட்டிவிட்டால் போதும்.

ஆயுள் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. டாட்டன்ஹாம் முறையில் முடிந்த கோப்புக்குக்கூட ஆயுள் உண்டு. கோப்பின் மேல் எல்.டிஸ். என்று குறித்தால் ஒரு வருஷம், கே.டிஸ். மூன்று, டி.டிஸ். பத்து, ஆர்.டிஸ். நிரந்தரம். எதை எப்போது அழிக்கலாம் என்று முடிக்கும்போதே முடிவு செய்து எழுதிவிட வேண்டும். கோப்புக்கு வைத்த இந்த ஏற்பாட்டைச் சுற்றறிக்கைக்கு வைக்க என்ன தடை? ‘இது மூன்று ஆண்டுகளுக்கு’ என்று தலைப்பிலேயே போட்டுவிடுங்கள். மூன்றாம் வருஷம் யாராவது உட்கார்ந்து, இது இன்னும் தேவை என்று காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் நீடிக்கட்டும். யாரும் போடவில்லையென்றால் அது தேவையில்லாததுதான்.

தமிழ்நாட்டிலும் நல்லது நடக்காமல் இல்லை. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுபவர், சுயசான்று கொடுத்து இணையத்திலேயே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். 2025இல் ‘எளிமை ஆளுமை’ என்று சில உரிமம், சான்றிதழ்களின் நடைமுறையைச் சுருக்கினார்கள். சான்றொப்பத்துக்காகக் கெஜடட் ஆபீசரைத் தேடி அலைந்த காலமும் பெரும்பாலும் போயிற்று. இதிலெல்லாம் பொதுவாக இருப்பது, ‘மக்கள் சொல்வதை முதலில் நம்பு, பொய் என்றால் பிறகு பிடி’ என்ற மாற்றம். அந்த நம்பிக்கை வந்தால்தான் காகிதம் குறையும். எழுத்தரையும் சேர்த்து நம்ப வேண்டும் என்பேன் நான். ‘பட்டியலில் உள்ளதை வாங்கி, பட்டியலில் இல்லாததை வாங்காமல் விட்டதற்காக எந்தப் பணியாளர் மீதும் தணிக்கைத் தடையோ ஒழுங்கு நடவடிக்கையோ கூடாது’ என்று ஆணையில் ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். கவுண்டரில் முகமே மாறும்.

இணையத்தில் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். முன்பாவது எழுத்தரிடம் வாதாடலாம். இப்போது ‘பதிவேற்று’ என்ற கட்டத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டிருந்தால் அதுவே சட்டம். ஏதாவது ஏற்றாமல் அடுத்த பக்கம் போகாது. தேவையில்லாத இடத்தில் வெள்ளைத்தாளை ஸ்கேன் செய்து ஏற்றும் இ-சேவைப் பிள்ளைகளை எனக்குத் தெரியும். சர்க்குலருக்காவது எண், தேதி, கையெழுத்து உண்டு. இந்தச் சிவப்பு நட்சத்திரத்தை எந்த ஆணையின்படி வைத்தார்கள் என்று கேட்டால், “சாஃப்ட்வேர் அப்படித்தான் சார்” என்பார்கள். ஆணை ரத்தான பிறகும் கட்டம் மாறாமல் கிடப்பது சகஜம். ஒழுங்குபடுத்தும் வேலையில் இந்தக் கட்டங்களையும் ஒவ்வொன்றாக எண்ணி, எந்த விதிக்காக என்று எதிரில் எழுத வேண்டும்.

இதெல்லாம் அரசு செய்ய வேண்டியது. தம்பிக்கு இப்போது என்ன வழி என்பதற்கு வருகிறேன்.

தகவல் உரிமைச் சட்டம் 2005இல் பிரிவு 4(1)(பி) என்று ஒன்று இருக்கிறது. தன் பணியாளர்கள் பயன்படுத்தும் விதிகள், அறிவுரைகள், கையேடுகளை ஒவ்வொரு அலுவலகமும் யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. சட்டம் வந்த 120 நாளுக்குள் செய்திருக்க வேண்டியது. அதே பிரிவின் (டி), ஒரு முடிவால் பாதிக்கப்படுபவருக்கு அதன் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது. ஆகவே ‘சர்க்குலர் இருக்கு’ என்பவர் அதைக் காட்டக் கடமைப்பட்டவர்.

ஆனால் கவுண்டரில் பிரிவு எண்ணைச் சொல்லிச் சண்டைக்குப் போகாதீர்கள். அது உதவாது, எதிரில் இருப்பவருக்கும் வீம்பு வந்துவிடும். ஒரு வெள்ளைத்தாளில் தாசில்தாருக்கு மனு எழுதுங்கள். விண்ணப்ப எண், தேதி, கொடுத்த ஆவணங்கள், வாரிசுகள் யார் யார் என்று எழுதிவிட்டு, ‘என் தந்தையின் சகோதரர் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசு அல்லர். அவரது ஆட்சேபணையின்மைக் கடிதம் தேவை எனில், அதற்கான சுற்றறிக்கையின் எண், தேதியைக் குறிப்பிட்டு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டுகிறேன்’ என்று முடியுங்கள். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டுமானால் யாராவது இருப்புக் கோப்பைப் பிரிக்க வேண்டும். பிரித்துப் பார்த்தால், பெரும்பாலும் அப்படி ஒன்று இருக்காது, இருந்தாலும் வேறு நேர்வுக்கானதாக இருக்கும். அதோடு உங்கள் கோப்பு நகர்ந்துவிடும். சித்தப்பா கடிதத்தை ஏன் வாங்கவில்லை என்று நாளைக்கு யாராவது கேட்டால் காட்டுவதற்கு அந்த எழுத்தரிடமும் உங்கள் மனு இருக்கும். அவருக்கும் அது ஒரு பிடிமானம்.

இரண்டு வாரத்தில் அசையவில்லையென்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். அந்தச் சுற்றறிக்கையின் நகல், இப்போது நடைமுறையில் உள்ள ஆவணப் பட்டியல், இவை இரண்டு மட்டும் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலக வரிசையில் முதல் மேல்முறையீடு, அதற்கப்புறம் சென்னையில் மாநிலத் தகவல் ஆணையம். சித்தப்பாவுக்கு பாகூர்ப் பக்கம் இதே மாதிரி ஏதாவது வந்தால், அவருடைய இரண்டாம் மேல்முறையீடு டெல்லியில் மத்தியத் தகவல் ஆணையத்துக்குப் போகும் என்பதையும் சொல்லிவையுங்கள்.

மனுவை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்க மறக்காதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்ப்பு நாள், தாலுகாவிலும் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். செவ்வாய் அல்லது புதன் காலையில் போங்கள்.